நாசரேத்தைத் தேடி – 9: கத்தரித்த சுவிசேஷம்

சென்ற வாரம் ஹாம்பர்க்கில் நிறுத்தினோம். இயேசுவின் வாழ்க்கையை ஆராய்ந்து ரைமாரஸ் தாம் எழுதியதை உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் கண்மூடிய பிறகு லெஸ்ஸிங் அதைத் துண்டு துண்டாக வெளியிட்டு, தலைமைப் பாதிரி கோட்ஸேயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் பிரபுவின் தணிக்கை ஆணை வந்து அவர் வாயை அடைத்தது. அந்தக் கதையின் தொடர்ச்சி டியூபிங்கனில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் இந்த ஒரு வாரம் ஐரோப்பாவை விட்டு வெளியே போய் வருவோம்.

காரணம் இருக்கிறது. இயேசுவின் வாழ்க்கையை ஆராய்ந்த வரலாறு என்றாலே ஜெர்மன் பேராசிரியர்களின் வரிசை என்று ஆகிவிட்டது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1906இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் ரைமாரஸில் தொடங்கி வ்ரேடேயில்தான் முடிகிறது. இன்று நாம் பார்க்கப்போகும் இருவருக்கும் அதில் தனி அத்தியாயம் கிடையாது. ஒருவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். மற்றவர் வங்காளப் பிராமணர். இருவருமே பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, குருமடத்தில் பயின்றதும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்ததும் கிடையாது. ஆனால் 1820ஆம் ஆண்டையொட்டி, பூமியின் இரண்டு மூலைகளில், இருவரும் நான்கு சுவிசேஷங்களையும் எதிரில் விரித்து வைத்துக்கொண்டு ஒரே காரியத்தைச் செய்தார்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டினார்கள்.

முதலில் வர்ஜீனியா.

தாமஸ் ஜெஃபர்சனின் எதிரிகள் 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை நாத்திகர் என்று பிரசங்க மேடைகளிலிருந்தே தூற்றினார்கள். அவர் வென்றார், அந்தப் பழி மட்டும் மனத்தில் தைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஜோசஃப் பிரீஸ்ட்லி சாக்ரடீசையும் இயேசுவையும் ஒப்பிட்டு எழுதிய சிறுநூல் 1803இல் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு நண்பர் பெஞ்சமின் ரஷ்ஷுக்கு, இயேசுவின் போதனையின் சிறப்பு எது என்று ஒரு சுருக்கக் குறிப்பு எழுதி அனுப்பினார். மறு ஆண்டு வெள்ளை மாளிகையில், அன்றைய கடிதங்களையும் காகிதங்களையும் பார்த்து முடித்த இரவு நேரத்தில், இரண்டு ஆங்கிலப் புதிய ஏற்பாடுகளை எடுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். இரண்டு மூன்று இரவுகளில் முடித்துவிட்டதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 46 பக்கம். அந்தத் தொகுப்பு இன்று இல்லை.

அவசரத்தில் செய்தோம் என்ற குறை அவருக்கு இருந்தது. பதவியெல்லாம் விட்டு மான்டிசெல்லோ மலை வீட்டில் ஓய்வில் இருந்த காலத்தில், பழைய செயலாளர் வில்லியம் ஷார்ட் அந்த வேலையை மறுபடி எடுக்கச் சொல்லி ஊக்கினார். இம்முறை ஜெஃபர்சன் சாவகாசமாகச் செய்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிகளையும் பக்கம் பக்கமாகப் பத்தி பிரித்து ஒட்டினார். இடப்பக்கம் கிரேக்கமும் லத்தீனும், வலப்பக்கம் பிரெஞ்சும் ஆங்கிலமும். இதற்கு ஆறு புத்தகங்கள் பலியாயின. தாளின் இருபுறமும் அச்சு உண்டல்லவா? முன்பக்கத்து வசனத்தை வெட்டினால் பின்பக்கத்து வசனம் சிதைந்துபோகும். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் இரண்டிரண்டு பிரதிகள் வாங்கியாக வேண்டியிருந்தது. கூரிய கத்தியால் ஓரம் பிசகாமல் வெட்டி, பசையிட்டு, 84 பக்கத்தில் முடித்து, ரிச்மண்டில் ஃப்ரெடரிக் மேயோ என்பவரிடம் சிவப்புத் தோலில் பைண்டு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 77ஐ ஒட்டி. ‘நாசரேத்து இயேசுவின் வாழ்க்கையும் ஒழுக்கநெறியும்’ என்று பெயர் வைத்தார்.

அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். ஒழுக்கநெறி மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை, வாழ்க்கையும் வேண்டும். ஆகவே லூக்காவில் வரும் குடிமதிப்புக் கட்டளையிலிருந்து தொடங்குகிறார். யோசேப்பு பெத்லகேமுக்குப் போகிறார், குழந்தை பிறக்கிறது, முன்னணையில் கிடத்தப்படுகிறது. தேவதூதர் வரவில்லை, மேய்ப்பர்களுக்குச் செய்தி இல்லை, கன்னி கருவுற்ற பேச்சே இல்லை. கடைசிப் பக்கத்தில் உடலைக் கல்லறையில் வைக்கிறார்கள், வாசலில் பெரிய கல்லைப் புரட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். நூல் அங்கே நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் இல்லை.

நடுவில்தான் வேடிக்கை. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடன் ஒருவன் வருகிறான். இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. ஜெஃபர்சனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார். அடுத்து இயேசு மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுவது பிடிக்கவில்லை; வெட்டிவிட்டார். கத்தி அடுத்த அதிகாரத்து நல்ல மேய்ப்பனிடம் தாவிவிடுகிறது. அந்த மனிதன் ஜெஃபர்சனின் பக்கத்தில் இன்றுவரை குருடனாகவே உட்கார்ந்திருக்கிறான். ஓய்வுநாள் சர்ச்சையிலும் இதேதான். ஓய்வுநாளில் நன்மை செய்யலாம் என்று இயேசு வாதாடுவது இருக்கிறது. சூம்பின கை குணமாவது இல்லை. பரிசேயர் வெளியே போய் அவரைத் தொலைத்துக்கட்ட ஆலோசிப்பது மறுபடி இருக்கிறது. முதல் தடவை படிப்பவர், ஒரு வாதத்துக்காகவா கொலைத் திட்டம் என்று மலைப்பார்.

இந்த நூல் தம் காலத்தில் வெளியே வருவதை ஜெஃபர்சன் விரும்பவில்லை. வீட்டாருக்கே அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது என்று பேரன் சொல்லியிருக்கிறார். 1826 ஜூலை 4இல் அவர் இறந்தார். 1886இல் சைரஸ் ஆட்லர் என்ற இளம் ஆய்வாளர் பால்டிமோரில் ஒரு தனியார் நூலகத்தை வரிசைப்படுத்தும்போது சல்லடையாக வெட்டுப்பட்ட இரண்டு புதிய ஏற்பாடுகளைக் கண்டார். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், 1895இல் ஜெஃபர்சனின் கொள்ளுப்பேத்தியிடமிருந்து மூலப் பிரதியை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக 400 டாலருக்கு வாங்கினார். 1904இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை 9,000 பிரதிகள் அச்சிட்டது. புதிதாக உறுப்பினர் ஆனவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. பிறனை நேசிக்கச் சொல்லும் வசனங்களை அவர் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் அவருக்குச் சொந்தமாக இருந்த அடிமைகள் 600 பேருக்கு மேல். கத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

இனி கல்கத்தா. இங்கே நடந்தது நேர் எதிர். ஜெஃபர்சன் பெட்டியில் பூட்டியதை ராம்மோகன் ராய் தெருவில் கொண்டுவந்து வைத்தார்.

அவர் சுவிசேஷத்துக்கு வந்த வழியே வேறு. பாரசீகமும் அரபியும் படித்து, குர்ஆனைக் கற்று, பாரசீக மொழியில் ஏக இறைவனைப் பற்றி ஒரு நூலை 1804 வாக்கில் வெளியிட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் டிக்பியிடம் ரங்கபூரில் வேலை பார்த்துவிட்டு, கல்கத்தாவில் குடியேறி, 1815இல் ஆத்மீய சபையைத் தொடங்கினார். வேதாந்த சாரத்தையும் உபநிடதங்களையும் மொழிபெயர்த்து, விக்கிரக ஆராதனைக்கு ஆதி நூல்களில் இடமில்லை என்று வாதாடினார். அந்த வாதத்துக்கு எதிர்ப்பு வங்காளத்திலிருந்து மட்டும் வரவில்லை. சென்னைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருந்த சங்கர சாஸ்திரி ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில் அவரை மறுத்து எழுதினார். ராய் 1817இல் ஒரு நூலாகவே பதில் கொடுத்தார். இப்படிச் சொந்த வீட்டில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோதுதான் அவர் பைபிளைக் கையில் எடுத்தார். எல்லா மதங்களையும் நெடுங்காலம் ஆராய்ந்ததில் ஒழுக்கத்துக்கு மிகவும் துணைசெய்வது கிறிஸ்துவின் போதனைதான் என்று கண்டதாக டிக்பிக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். டிக்பி அதை 1817இல் லண்டனில் அச்சிட்டுவிட்டார். மிஷனரிகள் அதைப் படித்துவிட்டு, மீன் வலையில் விழப்போகிறது என்று நம்பியிருப்பார்கள்.

விழவில்லை. 1820இல் கல்கத்தாவின் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகத்திலேயே ‘இயேசுவின் உபதேசங்கள்: சமாதானத்துக்கும் மகிழ்ச்சிக்கும் வழிகாட்டி’ என்ற தொகுப்பு ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. தொகுத்தவர் பெயர் இல்லை. யார் என்று ஊருக்கே தெரியும். மலைப் பிரசங்கம், நல்ல சமாரியன், கெட்ட குமாரன், பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களையும் போடாதவர்களையும் பிரிக்கும் கடைசி நியாயத்தீர்ப்பு, விபசாரத்தில் பிடிபட்ட பெண் எல்லாம் இருந்தன. மத்தேயுவும் லூக்காவும் நிறைய. யோவான் மிகக் குறைவு. பிறப்பு இல்லை, அற்புதங்கள் இல்லை, சிலுவைப்பாடு இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை. ஜெஃபர்சனாவது கல்லறைவரை போனார். ராயின் நூலில் இயேசு பேசுகிறார். அவருக்கு ஒன்றும் நேர்வதில்லை.

ஏன் இப்படி? முன்னுரையில் காரணம் சொன்னார். சரித்திரச் செய்திகள் சுதந்திரச் சிந்தனையாளர்களின் சந்தேகத்துக்கும் சண்டைக்கும் இடம் கொடுக்கும். அற்புதங்களோ, ஆசியாவில் ஏற்கெனவே வழங்கும் கதைகளுக்கு முன்னால் எடுபடாது. இந்த இரண்டாவது காரணம் எந்த ஜெர்மன் பேராசிரியருக்கும் தோன்றியிராத ஒன்று. ஐரோப்பியப் பகுத்தறிவாளருக்கு அற்புதம் நம்பமுடியாதது என்பதால் சிக்கல். ராய்க்கு அது சாதாரணமானது என்பதால் சிக்கல். பிற்பாடு எழுதிய மறுமொழியில் உதாரணமே கொடுத்தார்: கோபம் வந்து கடலைக் குடித்து, மறுபடி வெளியே விட்ட அகத்தியர். நம் பொதிகைமலை அகத்தியரேதான். சமுத்திரத்தையே குடித்தவரைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் போய், ஒருவர் தண்ணீரின்மேல் நடந்தார் என்றால் அவன் ஏன் அசரப்போகிறான்? ஆகவே அற்புதத்தைக் காட்டி மதத்தை நிரூபிக்கும் வேலை இங்கே செல்லாது. உபதேசத்தைக் காட்டுங்கள், அதற்கு இணை கிடையாது என்பது அவர் வாதம்.

பதினைந்து மைல் தள்ளி, ஹூக்ளி நதியின் மறுகரையில் இருந்த சேராம்பூரில் இது இடியாக விழுந்தது. சேராம்பூர், தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கின் வசம் இருந்த ஊர். கம்பெனி மிஷனரிகளை அண்டவிடாத நாட்களில் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் அந்தக் கொடியின் நிழலில்தான் கடை விரித்தார்கள். கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு 1801இல் வந்தது. அவர்களுடைய ‘ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா’ மாத இதழில் ராயின் நூலுக்கு மதிப்புரை வந்தது. எழுதியவர் டியோகர் ஷ்மிட் என்ற மிஷனரி. குறிப்புச் சேர்த்தவர் மார்ஷ்மன். தொகுத்தவரை ‘புத்திசாலியான அஞ்ஞானி’ என்ற பொருள்பட அழைத்தார்கள். பாராட்டாம்.

ராய்க்குச் சுரீர் என்றது. ‘உண்மையின் நண்பன்’ என்று கையொப்பமிட்டு, கிறிஸ்தவப் பொதுமக்களுக்கு ஒரு முறையீடு எழுதினார். தன்னை அஞ்ஞானி என்பது நாகரிகமும் அல்ல, உண்மையும் அல்ல என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மார்ஷ்மன் கட்சி என்னவென்றால்: உபதேசம் மனிதனை இரட்சிக்காது, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் அவர் பாவத்துக்குப் பலியானதையும் விட்டுவிட்டு வெறும் நீதிமொழிகளை நீட்டுவது, மருந்தை ஒளித்துவிட்டுப் பத்தியத்தை மட்டும் சொல்வதாகும். ராய் சுவிசேஷத்தைக் கொண்டே மடக்கினார். நித்திய ஜீவனை அடைய என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நியாயசாஸ்திரி நேராகவே கேட்கிறான். கடவுளையும் பிறனையும் நேசி என்ற இரண்டையும் அவன் வாயாலேயே சொல்லவைத்து, அப்படியே செய், பிழைப்பாய் என்று இயேசு பதில் சொல்லவில்லையா? அது போதாது என்றால், போதாததை இயேசு சொன்னார் என்று ஆகும். அதைச் சொல்ல நீங்கள் தயாரா?

இந்த அடிக்கு மார்ஷ்மனிடம் நல்ல பதில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. அவர் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனங்களுக்கும் பவுலின் நிருபங்களுக்கும் போனார். ராயும் விடாமல் அங்கே போனார். கிரேக்கம் படித்தார், எபிரேயம் படித்தார். யூத ஆசிரியர் ஒருவரிடம் ஆறே மாதத்தில் எபிரேயம் கற்றதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1821இல் வந்த இரண்டாம் முறையீட்டில், ஏசாயாவில் வரும் குழந்தையைப் பற்றிய பகுதிகள் அந்தக் காலத்து அரசன் எசேக்கியாவைக் குறிப்பவை என்று வாதாடினார். ஏசாயாவை ஏசாயாவின் நூற்றாண்டில் வைத்துப் படி என்ற இந்த முறை பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களில் பாலபாடமாகிவிட்டது. கல்கத்தாவில் ஒரு வைதீகக் குடும்பத்துப் பிள்ளை, சேராம்பூர் பண்டிதரோடு எபிரேயத்தில் மல்லுக்கு நின்றுகொண்டு அதைச் செய்துகாட்டினார்.

இடையில் ஒரு கிளைக்கதை. நான்கு சுவிசேஷங்களையும் நல்ல வங்காளத்தில் கொண்டுவர ராய், வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னிருவரும் பாப்டிஸ்ட் மிஷனரிகள். யோவானின் முதல் அதிகாரத்திலேயே தகராறு. யேட்ஸ் எழுந்து போய்விட்டார். ஸ்காட்லாந்துக்காரரான ஆடம் எழவில்லை. வாதத்தைக் கேட்டுக்கேட்டுத் திரித்துவ நம்பிக்கையையே விட்டுவிட்டார். ராயை மதம் மாற்ற வந்தவரை ராய் மாற்றிவிட்டார் என்று ஊர் சிரித்தது. மிஷனரி வட்டாரத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘வீழ்ந்த இரண்டாம் ஆதாம்’. 1821இல் கல்கத்தா யூனிட்டேரியன் குழு உருவானது. கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர் என்ற கொள்கையுடையவர்கள் யூனிட்டேரியன்கள். துவாரகநாத் தாகூரும் அந்தக் குழுவில் இருந்தார்.

இந்தக் கொள்கையை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது கல்கத்தா என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதற்குக் கால்நூற்றாண்டு முன்பே, 1795இல், சென்னையில் ஒரு தமிழர் யூனிட்டேரியன் சபை ஒன்றைத் தொடங்கிவிட்டார். திருவேங்கடம் என்ற பெயரில் பிறந்து, கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே கிறிஸ்தவராகி, பிரீஸ்ட்லி, லிண்ட்சி ஆகியோரின் நூல்களைப் படித்துவிட்டுத் திரும்பிய வில்லியம் ராபர்ட்ஸ் அவர். புரசைவாக்கத்தில் சிறு வழிபாட்டுக்கூடமும் தமிழ்ப் பிரசுரங்களுமாக எளிய மனிதர்கள் நடுவே உழைத்தார். அவருக்கு மார்ஷ்மனைப் போன்ற எதிராளி வாய்க்கவில்லை. அதனால் புகழும் வாய்க்கவில்லை. அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். மூன்றாவது முறையீடு தயாரானபோது பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் கைவிரித்துவிட்டது. அதுவரை தங்களை எதிர்த்து எழுதியதையே அவர்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்; அந்தப் பெருந்தன்மைக்கும் எல்லை உண்டல்லவா? ராய் சளைக்கவில்லை. எழுத்துகளை விலைக்கு வாங்கி, தர்மதலாவில் சொந்தமாக யூனிட்டேரியன் அச்சகம் போட்டு, பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாளரின் மேற்பார்வையிலேயே 1823இல் ‘இறுதி முறையீடு’ என்பதை வெளியிட்டார். கிரேக்கமும் எபிரேயமும் இடையிடையே வரும் தடித்த நூல். மார்ஷ்மனின் பதில்கள் அதற்கு முந்திய ஆண்டே லண்டனில் புத்தகமாகிவிட்டிருந்தன. ராயின் தொகுப்பையும் முறையீடுகளையும் லண்டன் யூனிட்டேரியன்கள் மறுபதிப்புச் செய்தார்கள். காலனி நாட்டிலிருந்து மூலப்பொருள் மட்டுமே கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் வேதசாஸ்திர வாதம் ஒன்று கப்பலேறியது.

கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் மிடில்டன் ராயை அழைத்து, கிறிஸ்தவராகிவிட்டால் கிடைக்கக்கூடிய பெரும் பெயரையும் புகழையும் பற்றிப் பேசினாராம். பின்னாளில் ஆடம் சொன்ன செய்தி இது. உண்மைக்காக மாறு என்று சொல்லாமல் லாபத்துக்காக மாறு என்று சொன்னதை ராய் கடைசிவரை மன்னிக்கவில்லை என்கிறார் ஆடம். சுவிசேஷத்தைப் படித்த மனிதருக்கு, மலை உச்சியில் உலக ராஜ்யங்களைக் காட்டி ஆசைகாட்டியவன் யார் என்று ஞாபகம் வந்திருக்காதா?

1828இல் ராய் பிரம்ம சபையை நிறுவினார். 1829 டிசம்பரில் சதி என்ற உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்காக அவர் எழுதிய இரண்டாவது சிறுநூலும் உபதேசத் தொகுப்பு வந்த அதே 1820இல்தான் வெளியானது. இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். பிறனை நேசி என்ற கட்டளை அவருக்குச் சிதைமேல் ஏற்றப்படும் பெண்ணையும் சேர்த்தே சொன்ன கட்டளை. இங்கேதான் மான்டிசெல்லோக்காரரோடு ஒப்பிட்டால் அவர் உயர்ந்து நிற்கிறார். 1833 செப்டம்பர் 27இல் பிரிஸ்டலில், யூனிட்டேரியன் நண்பர்கள் சூழ, இறந்தார்.

சரி, யார் சொன்னது சரி?

கத்தரித்தவர்கள் இருவருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: உபதேசம் ஒரு பொருள், வாழ்க்கை இன்னொரு பொருள், ஒன்றிலிருந்து மற்றதைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். சுவிசேஷங்களைப் படித்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்கும் மாற்குவின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறார் இயேசு. அது உபதேசம். உட்கார்ந்திருந்த வேதபாரகர் மனத்துக்குள் முணுமுணுக்கிறார்கள். அது சரித்திரம். எழுந்து நட என்கிறார். அது அற்புதம். இதில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் எதைப் பற்றியவை என்றே தெரியாமல் போகும். மார்ஷ்மன் நெசவாளியின் மகன். பாவும் ஊடுமாக நெய்த துணியிலிருந்து ஒரு நிற நூலை மட்டும் உருவ முடியாது என்று அவர் கைகளுக்குத் தெரிந்திருக்கும். ராயின் தொகுப்பைப் பார்த்தவுடன் இது இயேசுவின் உருவம் இல்லை என்று அவர் பதறியது மதவெறி மட்டும் அல்ல. வாசகராக அவர் உணர்ந்தது சரி.

ஆனால் அவர் அதற்குச் சொன்ன மருந்து வேறு கடையிலிருந்து வந்தது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சபைச் சங்கங்கள் வகுத்த கோட்பாட்டைக் கலிலேயா விவசாயிகளுக்குச் சொன்ன உவமைகளின்மேல் ஏற்றி, இதுதான் அதன் அர்த்தம் என்றார். ராய் அதைப் பிடித்துக்கொண்டார், பிடித்ததில் தவறில்லை. ராய் சுவிசேஷத்திலிருந்து எடுத்தார், மார்ஷ்மன் சுவிசேஷத்தோடு சேர்த்தார். இருக்கும்படியே வைத்துக்கொண்டு, இந்தக் கதைகளை இப்படிச் சொன்னவர்கள் யார், ஏன் இப்படிச் சொன்னார்கள் என்று அந்த மூன்று வருட வாதத்தில் யாரும் கேட்கவில்லை. நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு இதைக் கேட்டிருந்தால், வாதம் வேறு தளத்துக்குப் போயிருக்கும். ஆண்டு 1823தான் ஆகியிருந்தது. அந்தக் கேள்விக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது.

ராயைக் குறைத்துச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விவாதத்தில் யார் ஜெயித்தார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன். எதிராளியின் வேதத்தை எதிராளியின் மொழிகளில் படித்து, எதிராளியின் அச்சகத்திலேயே அச்சிட்டு, அது மூடியதும் சொந்த அச்சகம் போட்ட மனிதர் அவர். நம்மில் எத்தனை பேர் எதிர்க்கட்சியின் நூலை முழுதாகவாவது படித்திருக்கிறோம்? ஆனால் அவர் தொகுப்பில் இருக்கும் இயேசுவை எடுத்துக்கொண்டு போனால், அவரை ரோமாபுரி ஏன் சிலுவையில் அறைந்தது என்று சொல்ல முடியாது. அன்பாய் இருங்கள் என்று சொன்னதற்காக எந்த ஆளுநரும் ஆணியைத் தூக்கமாட்டான். இயேசுவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் எந்த முயற்சிக்கும் இதுதான் உரைகல்: அந்த மரணத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஜெஃபர்சன் மரணத்தை வைத்துக்கொண்டு காரணத்தில் பாதியை வெட்டினார். ராய் இரண்டையும் விட்டுவிட்டார்.

அடுத்த இதழ் வருவதற்குள் வாசகர்கள் ஒரு வேலை செய்யலாம். மத்தேயு 5 முதல் 7 வரை மலைப் பிரசங்கம். அதோடு மூடிவிடாமல் 8, 9 இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள். குஷ்டரோகி, நூற்றுக்கதிபதியின் வேலைக்காரன், பேதுருவின் மாமியார், புயல், செத்த சிறுமி என்று செயல்கள் அடுக்கடுக்காக வரும். பிறகு 4ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனத்தையும் 9ஆம் அதிகாரத்தின் 35ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே வாக்கியம். இரண்டு அடைப்புக்குறிகள்போல அவற்றை நட்டு, நடுவில் முதலில் பேச்சையும் பிறகு செயலையும் மத்தேயு அடுக்கியிருக்கிறார். அது தானாக விழுந்த வரிசை அல்ல. ஆசிரியர் ஒருவர் திட்டமிட்டு வைத்த வரிசை.

இந்தக் கதைகளை ஏன் இப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு, அதன் முடிவுகளுக்கு அஞ்சாமல் போனவர் டியூபிங்கனின் டேவிட் ஃப்ரெடரிக் ஷ்ட்ராஸ். 1835இல் அவருடைய ‘இயேசுவின் வாழ்க்கை’ வந்தபோது வயது 27. அந்த நூல் அவருடைய வேலையைப் பறித்தது. நான்கு ஆண்டு கழித்து சூரிச் நகரில் ஓர் அரசாங்கமே கவிழ்வதற்கும் காரணமானது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.